ஒரே கடவுள் "நாம்" என்று சொல்வது ஏன்?

பைபிளிலும் குர்ஆனிலும் கீதையிலும் வரும் ஒரு சிறு சொல்லின் பெரிய கதை

திருநெல்வேலிச் சீமையில் இருந்து முதல் தடவையாக மும்பைக்கு வருகிறார் ஒரு தமிழர். தாதர் ஸ்டேஷனில் இறங்கி வெளியே வருகிறார். டாக்சி நிற்கிறது. டிரைவர் உத்தரப்பிரதேசத்துக்காரர்.

"ஹம் லே சலேங்கே" என்கிறார் டிரைவர்.

கொஞ்சம் இந்தி படித்திருந்த நம் ஊர்க்காரர் திகைத்துப் போகிறார். "நாங்கள் கூட்டிக் கொண்டு போகிறோம்" என்று அல்லவா சொல்கிறான்! இன்னொரு ஆள் எங்கே? வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறார். யாரும் இல்லை. டிரைவர் ஒருவர்தான்!

பத்து நாள் மும்பையில் இருந்தால் விஷயம் புரிந்து விடும். உத்தரப்பிரதேசம், பீகார் பக்கத்து மக்கள் "நான்" என்பதற்கே "ஹம்" என்பார்கள். ஆள் ஒருவர், சொல் பன்மை. அவ்வளவுதான்.

டாக்சியில் இது சிரித்து விட்டுப் போகிற சங்கதி. ஆனால் இதே சொல் வேத புத்தகத்தில், அதுவும் கடவுளின் வாயில் வந்தால்?

"கடவுள் ஒருவரே" என்று அடித்துச் சொல்லும் வேதங்களில், அந்த ஒருவரே "நாம்" என்று பேசும் இடங்கள் உண்டு. பைபிளில் உண்டு. குர்ஆனில் ஏராளமாக உண்டு.

இந்த ஒரு சொல்லை வைத்து 1,800 ஆண்டுகளுக்கு மேலாக வாதம் நடக்கிறது. மகா பண்டிதர்கள் வாதாடினார்கள். இன்று ரெயில் பெட்டியிலும், டீக்கடையிலும் வாதாடுகிறார்கள். "உங்கள் வேதத்திலேயே பல கடவுள் இருக்கிறதே!" என்று ஒருவர் குத்திக் காட்ட, மற்றவர் முகம் சிவக்க, நேற்று வரை ஒரே தட்டில் பஜ்ஜி தின்ற நண்பர்கள் பேசாமல் இருந்து விடுவதும் உண்டு.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தச் சொல்லில்?

நாலே இடங்கள்

முதலில் பைபிள்.

பைபிளின் பழைய ஏற்பாடு யூதர்களுக்கும் வேதம். அதன் மூலமொழி எபிரேயம். அதில் கடவுள் தம்மைப் பன்மையில் சொல்லிக் கொள்வதாகப் பேசப்படும் இடங்கள் முக்கியமாக நாலுதான்.

முதல் இடம் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம், 26-வது வசனம். மனிதனைத் தமது சாயலில் உண்டாக்கக் கடவுள் முடிவு செய்யும் இடம். அங்கே "என் சாயல்" என்று வரவில்லை. "நமது" என்று வருகிறது.

இரண்டாவது இடம் மூன்றாம் அதிகாரம். விலக்கப்பட்ட கனியை ஆதாம் தின்ற பிறகு, "நம்மில் ஒருவர்" என்ற பேச்சு வருகிறது. மூன்றாவது 11-ம் அதிகாரம். வானத்தை எட்டும் கோபுரம் கட்டியவர்களின் மொழியைக் குழப்பக் கடவுள் இறங்கி வரும் இடம். நாலாவது, ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகம் 6-ம் அதிகாரம். இந்த நாலாவது இடத்தில் ஒரு வேடிக்கை. ஒரே வசனத்தில் "நான்" என்றும் வருகிறது, "நமது" என்றும் வருகிறது!

அடுத்த வரியைப் படித்தவர் எத்தனை பேர்?

ஆதியாகமத்தின் 26-வது வசனத்தைக் காட்டி வாதாடுகிறவர்கள் பலர். 27-வது வசனத்தையும் சேர்த்துப் படிப்பவர்கள் சிலர்.

26-ல் "செய்வோம்" என்று பன்மை. 27-ல் கடவுள் மனிதனைப் படைத்த செய்தி வருகிறது. அங்கே வினைச்சொல் "பாரா". எபிரேயத்தில் இது சுத்தமான ஒருமை. சாயலும் அங்கே "தமது" என்று ஒருமைக்கு வந்து விடுகிறது.

அதாவது, பேச்சு பன்மையில் இருக்கிறது. செயல் ஒருமையில் இருக்கிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. அங்கே கடவுளுக்கு வரும் பெயர் "எலோஹிம்". எபிரேயத்தில் "இம்" என்பது பன்மை விகுதி. "சூஸ்" என்றால் குதிரை. "சூஸிம்" என்றால் குதிரைகள். அந்தக் கணக்கில் பார்த்தால் "எலோஹிம்" என்பது தேவர்கள் என்று ஆக வேண்டும்.

ஆனால் கணக்கு அப்படி இல்லை. இஸ்ரவேலரின் கடவுளைச் சொல்லும் போது, சில இடங்கள் நீங்கலாக, இந்தப் பெயரோடு வரும் வினைச்சொல் ஒருமைதான். பெலிஸ்தியர்களின் தெய்வம் தாகோன் ஒரே ஒரு சிலை. அதையும் எபிரேய பைபிள் இதே பன்மைச் சொல்லால்தான் குறிக்கிறது. எஜமான் ஒருவரையே பன்மையில் சொல்லும் இடங்களும் அந்த மொழியில் உண்டு. ஆகவே இது தலைகளை எண்ணும் பன்மை அல்ல, பெருமையைக் காட்டும் பன்மை என்பது இலக்கணக்காரர்கள் தரும் விளக்கம்.

தமிழர்களுக்கு இது விளங்காத சங்கதியா என்ன?

தமிழ் பைபிளை எடுத்துப் பாருங்கள். "தேவன்" என்று எழுவாய் ஒருமையில் நிற்கிறது. "சொன்னார்", "படைத்தார்" என்று வினை "ஆர்" விகுதியில் முடிகிறது. "ஆர்" என்பது பழைய தமிழில் பலர்பால் விகுதி. "பெண்கள் வந்தார்" என்று பலரைச் சொல்ல வந்தது, பிறகு "அப்பா வந்தார்" என்று ஒருவருக்கு மரியாதை ஆனது. அப்பா வந்தார் என்று கேட்டவுடன் எத்தனை அப்பா என்று யாரும் கேட்பதில்லை!

எபிரேயத்தில் பெயர் பன்மை, வினை ஒருமை. தமிழில் பெயர் ஒருமை, வினை பன்மை. கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறி இருக்கிறது. ஒருவரைப் பன்மையால் சொல்வது எண்ணிக்கைக் கணக்கு அல்ல, வழக்கில் வந்த "உயர்சொல்" என்று தொல்காப்பியரே அந்தக் காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

மோசே கேட்ட கேள்வி

ஆனால் பெயர் பன்மையாக இருப்பது வேறு. "செய்வோம்" என்று பேசுவது வேறு. இது யூத குருமார்களையே உறுத்தியது.

அவர்கள் ஒரு கதை சொல்வார்கள். கடவுள் சொல்லச் சொல்ல மோசே வேதத்தை எழுதிக் கொண்டு வந்தாராம். இந்த வசனம் வந்ததும் எழுத்தாணி நின்று விட்டதாம். "ஆண்டவரே, எதிர்வாதம் பண்ணுகிறவர்களுக்கு நாமே இடம் கொடுக்கலாமா?" என்று கேட்டாராம். "நீ எழுது. தப்பாகப் படிக்க நினைக்கிறவன் படித்துக் கொள்ளட்டும்" என்று பதில் வந்ததாம்.

கதை அதோடு முடியவில்லை. காரணமும் சொல்லப்படுகிறது. மனித குலத்தில் பெரியவனும் வருவான், சிறியவனும் வருவான். "என்னை விடச் சின்னவனிடம் நான் ஏன் யோசனை கேட்க வேண்டும்?" என்று பெரியவன் நினைப்பான். அப்போது அவனுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும்: "எல்லாவற்றையும் படைத்தவரே தமக்குக் கீழ்ப்பட்ட தேவதூதர்களைக் கலந்து கொண்டுதான் மனிதனைப் படைத்தார். உனக்கு என்ன வந்தது?"

11-ம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி என்ற பெரிய உரையாசிரியரும் இந்தப் பொருளையே எடுத்துக் கொண்டார். தப்பாகப் படிக்கச் சிலருக்கு இடம் கிடைத்தாலும் பரவாயில்லை, பணிவு என்ற பாடம் மனிதனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே கருத்து.

வேத எதிரிகள் எந்த இடத்தைக் காட்டினாலும் அதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கும் என்பது ரபி சிம்லாய் என்ற குருவின் வாக்கு. 26-க்கு 27 பதில் என்பதை அவர்தான் எடுத்துக் காட்டினார்.

யூதர்களின் தல்மூது நூலில் இன்னொரு கதை உண்டு. எகிப்தை ஆண்ட தாலமி அரசர் 72 பெரியவர்களைத் தனித்தனி வீட்டில் வைத்து, வேதத்தைக் கிரேக்கத்தில் எழுதச் சொன்னாராம். ஒருவரை ஒருவர் பார்க்காமலே 72 பேரும் இந்த வசனத்தை "நான் செய்வேன்" என்று ஒருமையில் மாற்றி எழுதினார்களாம்! ஆனால் இன்று கையில் இருக்கும் பழைய கிரேக்க பைபிளைப் பார்த்தால் அதில் பன்மைதான் இருக்கிறது. கதை எப்படி இருந்தாலும், அந்தச் சொல் அவர்களை எவ்வளவு கவலைப்பட வைத்தது என்பதற்கு அது சாட்சி.

யாரிடம் பேசினார்?

கிறிஸ்தவர்களின் பதில் வேறு. கி.பி. 2-ம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், டிரைபோ என்ற யூதரோடு நடத்திய வாதமாக ஒரு நூல் எழுதினார். கடவுள் தேவதூதர்களிடம் பேசவில்லை, கிறிஸ்துவிடம் பேசினார் என்பது அவர் கட்சி.

பிறகு கி.பி. 325-ல் நிசேயாவிலும், 381-ல் கான்ஸ்டான்டிநோபிளிலும் சபைகள் கூடின. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவக் கொள்கை உறுதியானது. "நமது" என்ற பன்மையில் அந்த மூவரையும் கண்டார் புனித அகஸ்டின். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மூன்று கடவுள் என்று அவர் சொல்லவில்லை. கடவுள் ஒருவரே என்பதில் கிறிஸ்தவர்களுக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

இன்றைய ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு வழியைக் காட்டுகிறார்கள். 1928-ல் சிரியா நாட்டுக் கடற்கரையில் ஒரு விவசாயி நிலத்தை உழுத போது கலப்பை ஒரு கல்லில் இடித்தது. அடியில் பழைய கல்லறை! மறு ஆண்டு தோண்ட ஆரம்பித்தார்கள். உகாரித் என்ற மறைந்து போன நகரம் வெளியே வந்தது. அங்கே கிடைத்த களிமண் பலகைகளில், "ஏல்" என்ற தலைமைத் தெய்வம் சபை கூட்டி உட்காரும் செய்தி இருந்தது.

இஸ்ரவேலர்களுக்குப் பக்கத்து மக்கள் அவர்கள். பைபிளிலும் இதைப் போன்ற காட்சி உண்டு. யோபுவின் புத்தகத்தில் முதல் அதிகாரத்திலேயே பரலோக சபை வருகிறது. ஏசாயாவும் அரியணையைச் சுற்றி சேராபீன்கள் நிற்பதைப் பார்க்கிறார். ஆகவே ஆதியாகமத்தின் "நாம்" பரலோக சபையைப் பார்த்துச் சொன்னது. படைத்தவர் மட்டும் ஒருவர் என்பது பல அறிஞர்களின் முடிவு. இவர்களில் கிறிஸ்தவ அறிஞர்களும் உண்டு.

இன்னும் எளிய விளக்கம் ஒன்றும் இருக்கிறது. வீட்டில் யாருமே இல்லை. கடிகாரத்தைப் பார்க்கிறோம். "சரி, சாப்பிடுவோம்" என்று நமக்கு நாமே சொல்லிக் கொள்கிறோம். எத்தனை பேருக்கு இலை போட? ஒருவருக்குத்தான். மனதுக்குள் யோசித்து முடிவு எடுக்கும் போது வரும் பன்மை இது. எபிரேய இலக்கண ஆசிரியர்களிலும் இதை ஏற்றுக் கொள்கிறவர்கள் உண்டு.

ராஜராஜனின் "நாம்"

"இதெல்லாம் எதற்கு? ராஜாக்கள் 'நாம்' என்று சொல்வார்களே, அதுதான் இது" என்று சுலபமாக முடித்து விடுகிறவர்களும் உண்டு. 10-ம் நூற்றாண்டில் வாழ்ந்த சாதியா காவோன் என்ற யூத அறிஞரே அப்படித்தான் சொன்னார்.

ஆனால் 12-ம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு இபின் எஸ்ரா அதை ஏற்கவில்லை. அவர் மறுத்ததற்குக் காரணம் உண்டு. பைபிளில் வரும் ராஜாக்களைப் பாருங்கள். பார்வோன் "நான்" என்றுதான் பேசுகிறான். தாவீதும், சாலொமோனும் அப்படியே. எஸ்றாவின் புத்தகத்தில் பாரசீக ராஜாவின் கடிதம் ஒன்றில் மட்டும் "எங்களுக்கு" என்றும் "எனக்கு முன்பாக" என்றும் கலந்து வருகிறது. அதுவும் எபிரேய மொழி அல்ல, அரமேய மொழி. ஆகவே ராஜ பன்மை என்ற சாவி ஆதியாகமத்தின் பூட்டுக்குச் சரியாகப் பொருந்தவில்லை.

ஆனால் அந்தச் சாவி பொருந்தும் பூட்டுகள் வேறு உண்டு. தமிழ்நாட்டிலேயே உண்டு.

தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் மாமன்னன் ராஜராஜனின் ஆணை இருக்கிறது. அவனது 26-வது ஆட்சியாண்டில் பிறந்த ஆணை அது. கோவிலுக்கு "நாம்" கொடுத்தவை, "அக்கன்" கொடுத்தவை, "நம் பெண்டுகள்" கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை என்று வரிசையாகக் கல்லில் வெட்டச் சொல்கிறான்.

கவனியுங்கள். அக்காள் குந்தவையார் கொடுத்தது தனி. மனைவியர் கொடுத்தது தனி. மற்றவர்கள் கொடுத்ததும் தனி. எல்லோரையும் கழித்து விட்டால் மிச்சம் யார்? ராஜராஜன் ஒருவன்தான். அந்த ஒருவன்தான் "நாம்"!

1858-ல் கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா மகாராணி இந்தியாவை ஏற்றுக் கொண்ட பிரகடனத்திலும் ராணி "நாம்" என்றே பேசினார். ராணி ஒருவர்தான்.

குர்ஆனில் "நாம்"

கி.பி. 7-ம் நூற்றாண்டில் அரபு மொழியில் அருளப்பட்டது குர்ஆன். இதில் இறைவன் "நாம்" என்று பேசும் இடங்கள் பைபிளைப் போல நாலு அல்ல. பக்கத்துக்குப் பக்கம் வரும். வானத்தில் இருந்து மழையை இறக்கியது, தூதர்களை அனுப்பியது, வேதத்தை இறக்கியது, அதைக் காப்பது எல்லாம் "நாம்" என்ற சொல்லோடு வரும். அரபு மொழியில் அந்தச் சொல் "நஹ்னு".

அதே குர்ஆன்தான் 112-வது அத்தியாயத்தில் இறைவன் ஒருவனே என்று நாலே வசனங்களில் முடிவாகச் சொல்கிறது.

இரண்டும் எப்படிப் பொருந்தும்?

இந்தப் பன்மை கண்ணியத்தையும் வல்லமையையும் காட்டுவது என்பது முஸ்லிம் அறிஞர்களின் விளக்கம். இறைவன் இட்ட வேலையை மலக்குகள் செய்து முடிப்பதால், அந்த ஆட்சி முழுவதையும் காட்டும் சொல் இது என்றும் சில உரையாசிரியர்கள் எழுதி இருக்கிறார்கள்.

இதற்கும் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. குர்ஆனின் மிகச் சிறிய அத்தியாயம் 108-வது. மூன்றே வசனம். முதல் வசனத்தில் கொடுத்தது "நாம்". அடுத்த வசனத்தில், "உமது இறைவனைத் தொழுவீராக" என்ற பொருளில், இறைவன் ஒருமைக்கு வந்து விடுகிறான். 20-வது அத்தியாயத்தில் மூசா நபியிடம் பேசும் போது "நான்" என்று ஒருமையில் பேசி, தன்னையே வணங்கச் சொல்கிறான். தன்னை வணங்கும்படி கட்டளையிடும் போது, யாரை வணங்குவது என்ற சந்தேகத்துக்கே இடம் வைக்காமல் ஒருமைதான் வருகிறது.

காட்டிக் கொடுக்கும் தமிழ்

இங்கேதான் தமிழ் ஒரு வேலை செய்கிறது.

இந்தியில் "ஹம்" ஒன்றுதான். ஆங்கிலத்திலும் "வீ" ஒன்றுதான். தமிழில் "நாம்" வேறு, "நாங்கள்" வேறு. கேட்பவரையும் சேர்த்துக் கொண்டால் "நாம்". அவரை விட்டு விட்டால் "நாங்கள்". "நாம் சினிமாவுக்குப் போகிறோம்" என்றால் நண்பர் சட்டையைப் போட்டுக் கொண்டு கிளம்பி விடுவார். "நாங்கள் போகிறோம்" என்றால் முகம் வாடி விடும்! மராத்தியிலும் இந்த வித்தியாசம் உண்டு. கேட்பவரைச் சேர்த்தால் "ஆபண்". விட்டு விட்டால் "ஆம்ஹி". இது மும்பைத் தமிழர்களுக்குத் தெரியும்.

மனிதர்களைப் பார்த்து, உங்களைப் படைத்தது "நாம்" என்று இறைவன் சொல்கிறான். படைக்கப்பட்ட மனிதர்கள் படைத்தவரில் சேர முடியுமா? முடியாது. அப்படியானால், பேசுவது பலர் என்றால், தமிழ் இலக்கணப்படி "நாங்கள்" என்றுதான் வர வேண்டும்.

ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களின் தமிழாக்கத்தைப் பாருங்கள். அங்கே "நாங்கள்" இல்லை, "நாம்" இருக்கிறது. இது கேட்பவரைச் சேர்க்கும் "நாம்" அல்ல. தஞ்சைக் கல்வெட்டில் இருக்கும் "நாம்". எதிரில் நிற்பவரைச் சேர்க்காமல் ஒருவர் "நாம்" என்று சொன்னால், தமிழில் அது மாட்சிமையைக் காட்டும் சொல். அரபு மொழியில் விளக்கம் தேவைப்படும் விஷயத்தைத் தமிழ் ஒரே சொல்லில் காட்டி விடுகிறது!

தமிழ் பைபிளிலும் ஆதியாகமத்தில் "நாங்கள்" கிடையாது. "நமது" என்றே இருக்கிறது. ஆனால் அது வேறு "நாம்". அங்கே கடவுள் மனிதனிடம் பேசவில்லை. மனிதன் அப்போது பிறக்கவே இல்லை. பேசுவது தம்மோடு இருப்பவரிடம், அல்லது தமக்குள்ளே. அவர்கள் யார் என்பதில்தான் யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் வழக்கு.

கண்ணன் சொன்ன "நாம்"

இந்த வாதம் அரபு நாட்டோடும் யூத நாட்டோடும் நின்று விட்டது என்று நினைக்க வேண்டாம். இந்தியாவிலும் நடந்தது.

கீதையில் கண்ணன் "அஹம்", அதாவது "நான்" என்றே பெரும்பாலும் பேசுகிறான். ஆனால் இரண்டாவது அத்தியாயம், 12-வது சுலோகத்தில் ஒரு பன்மை வருகிறது. தானும், அர்ஜுனனும், எதிரே நிற்கும் அரசர்களும் முன்பு இல்லாமல் இருந்தது இல்லை, இனி இல்லாமல் போகப் போவதும் இல்லை என்று சொல்லும் இடம். அங்கே "வயம்" என்கிறான். "நாம்" என்று பொருள்.

ஆதிசங்கரர் இதற்கு உரை எழுதினார். உடல்கள் பல என்பதால் இந்தப் பன்மை வந்தது, ஆத்மா பல என்று அர்த்தம் இல்லை என்றார்.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் இதை ஏற்கவில்லை. பகவானே தன் வாயால் நான், நீ, இவர்கள், நாம் எல்லோரும் என்று பிரித்துச் சொல்கிறான். ஆகவே ஜீவன்கள் வேறு வேறு, இறைவன் வேறு என்பது உண்மையே என்றார்.

அத்வைதம், விசிஷ்டாத்வைதம் என்ற இரண்டு பெரிய சித்தாந்தங்கள் ஒரே ஒரு பன்மைச் சொல்லின் இரண்டு பக்கத்திலும் நின்று வாதாடின!

சமஸ்கிருதத்திலும் ஒருவர் தம்மைப் பன்மையில் சொல்லிக் கொள்ளலாம் என்று பாணினியின் இலக்கணத்திலேயே விதி இருக்கிறது. ஆனால் கண்ணன் சொன்ன "நாம்" அந்த மரியாதைப் பன்மை அல்ல. அர்ஜுனனையும் அரசர்களையும் கையைப் பிடித்துச் சேர்த்துக் கொள்ளும் "நாம்".

ஆக, ஆதியாகமத்தில் கலந்து பேசும் "நாம்". குர்ஆனில் மாட்சிமையின் "நாம்". கீதையில் கேட்பவரைச் சேர்த்துக் கொள்ளும் "நாம்". சொல் ஒன்று, வேலை மூன்று. ஒன்றின் சாவியால் மற்றொன்றைத் திறக்கப் பார்த்தால் பூட்டுதான் கெடும்.

நஜ்ரானில் இருந்து வந்தவர்கள்

ஒருவர் வேதத்தை மற்றவர் எடுத்து வாதாடுவது புதிது அல்ல. நபிகள் நாயகம் அவர்களின் காலத்திலேயே நடந்தது.

தென் அரேபியாவில் நஜ்ரான் என்ற ஊர். அங்கு கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களின் தூதுக்குழு ஒன்று மதீனாவுக்கு வந்தது. நபிகளின் வரலாற்றை முதன் முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவரான இபின் இஸ்ஹாக் இதை எழுதி இருக்கிறார்.

வந்தவர்கள் இந்த "நாம்" என்ற சொல்லையே பிடித்துக் கொண்டார்கள். கடவுள் ஒருவர் மட்டும் என்றால், "நான் செய்தேன், நான் படைத்தேன்" என்று அல்லவா சொல்வார்? "நாம் செய்தோம், நாம் படைத்தோம்" என்று ஏன் வருகிறது? ஆகவே மூவர் உண்டு என்பது அவர்கள் வாதம்.

நபிகள் அதை ஏற்கவில்லை. வந்தவர்களும் தங்கள் மதத்தை விடவில்லை. வாதம் முடிவுக்கு வராமலே நின்றது.

ஆனால் அதே இபின் இஸ்ஹாக் இன்னொன்றையும் எழுதி இருக்கிறார். அந்தக் கிறிஸ்தவர்களுக்குத் தொழுகை நேரம் வந்தது. நபிகளின் பள்ளிவாசலுக்கு உள்ளேயே எழுந்து நின்றார்கள். "அவர்கள் தொழட்டும்" என்று நபிகள் சொல்லி விட்டார். தங்கள் வழக்கப்படி கிழக்கு முகமாக நின்று அவர்கள் தொழுதார்கள். பிறகு சமாதானமாக ஒப்பந்தம் செய்து கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அந்தச் சொல்லைப் பற்றி அவர்களுக்குள் உடன்பாடு இல்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் வணங்க அது தடையாக இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி

கடவுளிடம் மனிதன் பேசும் போது தமிழில் என்ன சொல்கிறான்? கிறிஸ்தவர்களின் பிரதான ஜெபம் "எங்கள்" பிதாவைக் கூப்பிடுகிறது. குர்ஆனின் முதல் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லும் முஸ்லிம், வணங்குவது "நாங்கள்" என்கிறார். கோவிலில் நிற்பவரும் "எங்களைக் காப்பாற்று" என்றுதான் கும்பிடுகிறார். "நம்மைக் காப்பாற்று" என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் காப்பாற்றப்பட வேண்டியவர்களில் கடவுளும் சேர்ந்து விடுவார்!

அந்த இடத்தில் எந்த மதத்துத் தமிழரும் தப்பு செய்வதில்லை. யாரும் சொல்லித் தராமலே எங்கே "நாம்", எங்கே "நாங்கள்" என்று நாக்குக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்து மதத்தின் வேதத்தைப் படிக்கும் போது மட்டும் அந்த நிதானம் எங்கே போகிறது?

ரெயிலில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு வசனத்தைக் காட்டி, "பார்த்தீர்களா, இவர்களுக்குப் பல கடவுள்!" என்று சொன்னால் கோபப்பட வேண்டியது இல்லை. மூன்றே கேள்வி கேட்டால் போதும். இங்கே யார் பேசுகிறார்? யாரிடம் பேசுகிறார்? அடுத்த வரியில் என்ன இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல அவர் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். திறந்து படித்தால் நல்லது. வாதம் தீராமல் போகலாம். தாதர் வருவதற்குள் பேச்சை நிறுத்திக் கொண்டு, இறங்கும் போது ஒருவர் பெட்டியை மற்றவர் எடுத்துக் கொடுத்தால் அதுவே போதும்.